இருநூற்றுப் பதின்மூன்றாம் கேள்வி

1974 ஜனவரி 3, வியாழன்

உறைபனி. குழாயில் தண்ணீர் வர எட்டு மணி. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போட்ட கீரை மொத்தமும் கருகல். சரிவில் தேயிலையும் அப்படியே, வெந்நீர் ஊற்றியதுபோல.

காலை பத்தாம் லைன் வீடுகளில் ஒரு பிரசவம். பெண். ஆறு ராத்தல். தாய் சுகம். அப்பன்காரன் எனக்கு மிட்டாய் நீட்டினான், நான் கை கழுவித் திரும்புவதற்குள் தானே தின்றுவிட்டான்.

தபால் பையில் தேவிகுளத்துத் தமிழ் மன்றத்தின் கடிதம். பொங்கல் விழா இலக்கிய வினாடி வினா, 20ஆம் தேதி ஞாயிறு. இந்த வருடம் பரிசு கோப்பை இல்லையாம். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அது நிறையத் தமிழ்ப் புத்தகங்கள். ஜெயித்த எஸ்டேட்டுக்கே சொந்தம். இதுவரை கேள்வி எல்லாம் மன்றத்து நோட்டிலிருந்துதான். இந்தத் தடவை பாதி வெளியிலிருந்து. "அணியினர் தக்க நூல்களைப் பார்த்துத் தயார் செய்துகொள்க." தக்க நூல்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று எழுதவில்லை.

பழைய அணியே போதும். நான் (தலைவி, வயதுக்குக் கொடுத்த மரியாதை). கொழுந்து எடுக்கும் முத்துமாரி. தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் நிற்கும் பேச்சிமுத்து.

5, சனி

மானேஜரைப் பார்த்தேன். அலமாரி வந்தால் வைக்க இடம் வேண்டும், பழைய பிள்ளைக் காப்பகக் கட்டடம் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டேன். வந்தால் தருகிறேன், படிப்பறையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வராவிட்டால் மாசக் கடைசியில் உர மூட்டை இறங்கும். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

மு.மாரியிடம் சொன்னேன். சாயந்தரம் அந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பெருக்கிவிட்டு வந்திருக்கிறாள். ஒட்டடை அடித்த தலையோடு வந்து நின்று ஜன்னல் இரண்டு இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

போன வருடமும் முந்திய வருடமும் பீர்மேட்டு அணியிடம் தோற்றோம். அவர்களிடம் ஒரு வாத்தியார் இருக்கிறார். எங்களிடம் மு.மாரி. படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. மன்றத்து நோட்டின் முன்னூறு கேள்வியும் மனப்பாடம். சீட்டில் எழுதிக் கூடை விளிம்பில் செருகிக்கொண்டு கொழுந்து எடுப்பாள். கங்காணி திட்டினால் சீட்டைத் திருப்பிக்கொள்வாளாம், அவ்வளவுதான்.

6, ஞாயிறு

லைன் லைனாகப் போய்த் தமிழ்ப் புத்தகம் தேடினோம். கிடைத்தவை:

பள்ளிப் பாடப் புத்தகங்கள் ஒன்பது. ஏழுக்கு அட்டை இல்லை.
அகராதி ஒன்று. 'த'வில் தொடங்குகிறது. முன்பாதி அடுப்புக்குப் போனதாம்.
சாமி பாட்டுப் புத்தகம் ஐந்து.
பஞ்சாங்கம் மூன்று. எல்லாம் பழசு.
கடலை கட்டி வந்த தாள்கள். இதில்தான் ஒரு நல்ல கட்டுரை. பாதியில் எண்ணெய்.
கருமாதிப் பத்திரிகை ஒன்று, மேலே ஒரு செய்யுளோடு. பே.முத்து அதையும் எழுதிக்கொண்டான்.

"மொத்த எஸ்டேட்டும் இவ்வளவுதானாக்கா?" என்றாள் மு.மாரி. ஆமாம் என்றேன்.

நான் தமிழில் படித்தது நான்காம் வகுப்பு வரை. பிறகு மலையாளம், பிறகு நர்சிங். எனக்குத் தெரிந்த இலக்கியம் எல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

8, செவ்வாய்

பனி குறைவு. இரண்டு குழந்தைகளுக்குக் வறட்டு இருமல். பஞ்சு தீர்ந்தது, எழுதி அனுப்ப வேண்டும்.

மு.மாரி கூடையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். 213ஆம் கேள்வி. குறிஞ்சி நிலத்துக்கு உரிய சிறுபொழுது எது? விடை: வைகறை. ஏன் வைகறை என்று மேடையில் காரணம் கேட்டால் என்ன சொல்வது என்கிறாள். மலையில் சங்கு ஊதுவது அப்போதுதானே, பிரட்டுக்குப் போய் நின்று பெயர் கொடுப்பது அப்போதுதானே, மலைக்காரர்களுக்கு நாள் பிறப்பதே அப்போதுதானே என்றேன். நம்பினாள். நன்றாகவும் இருக்குக்கா என்றாள்.

அவள் போன பிறகு உட்கார முடியவில்லை.

இங்கே எழுதிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு மன்றத்துப் பழைய நோட்டு ஈரத்தில் பாழாகிவிட்டது. கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று புது நோட்டில் பெயர்த்து எழுத என்னிடம் தந்தார்கள். ஒரு இடத்தில் இரண்டு தாள் ஒட்டிக் கிடந்தது. பிரித்தேன், விடைப் பத்தி மட்டும் உரிந்து போயிற்று. 213 முதல் 217 வரை. ஐந்து நிலங்கள், ஐந்து பொழுதுகள். முந்தின பக்கத்தில் ஆறு சிறுபொழுதின் பட்டியல் முழுசாக இருந்தது. மறுநாள் நோட்டைக் கொடுக்க வேண்டும். கேட்க ஆள் இல்லை, பார்க்கப் புத்தகம் இல்லை. எதுக்கு எது பொருந்தும் என்று நானே போட்டேன். மலைக்கு வைகறை. வயலுக்கு நண்பகல், அப்போதுதானே வேலை. கடலுக்கு யாமம், மீன் பிடிக்க ராத்திரியில் போவார்கள் என்று கேள்விப்பட்டது. இப்படி.

பக்கத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அழகாக எழுதி அடிக்கோடும் இட்டேன். பழைய நோட்டை மன்றத்தில் அடுப்பில் போட்டார்கள். பதினொரு எஸ்டேட்டும் என் நோட்டைப் பார்த்துத்தான் நகல் எடுத்தன.

மூன்று வருடம் இது எனக்கு ஞாபகமே வரவில்லை. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

9, புதன்

கல்பாத்தியில் ஒரு வாசகசாலை இருக்கிறதாம். தமிழ்ப் புத்தகம் மட்டும் மூன்று அறை. மருந்து கொண்டு வரும் ஜீப் டிரைவர் சொன்னது. மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை. டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

10, வியாழன்

பஸ். மூணாறு, மறையூர், சின்னாறு. சோதனைச் சாவடியில் தேயிலை கடத்துகிறேனா என்று என் பையைக் கிளறினார்கள். வெப்பமானி, பஞ்சு, இரண்டு பென்சில், ஒரு கட்டு வெள்ளைத் தாள். தாளை விரித்து விரித்துப் பார்த்தார்கள். உடுமலை, பொள்ளாச்சி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சட்டை குறைக்கலாம் போல வெயில்.

பாலக்காட்டில் ரஹ்மத் வீடு. என்னோடு நர்சிங் படித்தவள். அவள் அண்ணனுக்குப் பலசரக்குக் கடை. கடையில் பொட்டலம் கட்ட வாங்கிய பழைய தாள் மூட்டையை அவிழ்த்துக் காட்டி, இதிலே ஏதாவது இலக்கியம் இருக்கான்னு பாருங்க என்றார். இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் பார்த்தேன்.

11, வெள்ளி

வாசகசாலை ஆற்றுப் பக்கத்துத் தெருவில். பார்த்துக்கொள்வது ஒரு மாமி. ஐம்பது இருக்கும். எவ்விடத்திலிருந்து வரேள் என்று கேட்டார். தேவிகுளம், எஸ்டேட் என்றேன். என்னை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் நாற்காலியைக் காட்டினார். புத்தகம் வெளியே தர மாட்டார்கள். பேனா கூடாது.

"பென்சில்னா எத்தனை வேணும்னாலும் எழுதிக்கோங்கோ. மை கொட்டினா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

எங்கள் எஸ்டேட்டில் எல்லார் வீட்டுச் சாமானையும் சேர்த்தாலும் அந்த மூன்று அறை நிறையாது. அத்தனையும் புத்தகம். எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். மாமி கேட்டார். வினாடி வினாவுக்கு என்றதும் அவருக்கு வேகம் வந்துவிட்டது. ஏணியில் ஏறி ஏறி எடுத்துத் தந்தார். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று விரலில் வைத்திருக்கிறார். நான் எழுத எழுத அடுத்ததைத் திறந்து வைத்தார். நடுவில் மோர் கொடுத்தார். முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினேன்.

கடைசியாகக் கேட்டேன், ஐந்து நிலத்துக்கும் பொழுது எது எது என்று. ஏணி ஏறவில்லை. மேஜை மேலேயே இருந்த ஒன்றைத் திறந்து கொடுத்தார்.

குறிஞ்சிக்கு யாமம். நடுராத்திரி.

மற்ற நான்கையும் தனித் தாளில் எழுதினேன். கைதான் எழுதியது. நான் போட்ட ஐந்தில் முல்லைக்கு மாலை ஒன்றுதான் சரி. மாமி முகத்தைப் பார்த்து, உடம்புக்கு ஆகலையா என்றார். பஸ்ஸில் வந்த அலுப்பு என்றேன். தாளை நான்காக மடித்து வெப்பமானிப் பெட்டிக்குக் கீழே வைத்தேன்.

12, சனி

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. மன்றச் செயலாளர் கையில் இருப்பது என் நோட்டு. பீர்மேட்டுக்காரர்கள் படித்திருப்பது என் நோட்டு. எல்லாரும் ஒரே தப்பைச் சொன்னால் அது போட்டியில் தப்பே இல்லை. இப்படி நினைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சின்னாறு வருவதற்குள் நான்கு தடவை நினைத்துவிட்டேன்.

முப்பத்தெட்டுப் பக்கத்தையும் மு.மாரியிடம் கொடுத்தேன். தனித் தாளைக் கொடுக்கவில்லை.

14, திங்கள்

பொங்கல். லைனெல்லாம் கோலம். மூன்று வீட்டுப் பொங்கல், மூன்றிலும் முந்திரி எனக்கு. பிற்பகல் கை வெந்த கேஸ் இரண்டு.

மு.மாரி முப்பத்தெட்டில் இருபது பக்கம் முடித்துவிட்டாள். பே.முத்து ஆறு. அவன் புதுச் சட்டை போட்டிருந்தான், அதனால் படிக்க முடியவில்லையாம்.

17, வியாழன்

சொல்லிவிட்டேன். மு.மாரியிடம், ஆஸ்பத்திரிப் பின்பக்கம் துணி காயும் இடத்தில். ஒட்டிய தாளில் தொடங்கி எல்லாம்.

முதலில் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று. அப்புறம் கூடையைக் கீழே வைத்தாள். ஒரு படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தாள். அது ஈரம்.

"மூணு வருசமா நான் அதை எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமாக்கா?"

தெரியும் என்றேன். சரியான விடை எது என்று கேட்டாள். யாமம் என்றேன். அப்புறம் அவள்தான் வழி சொன்னாள். செயலாளருக்கு நோட்டில் உள்ளதுதானே தெரியும். நாம் மாற்றிச் சொன்னால் நமக்குத்தான் மார்க் போகும். முதலில் அலமாரி வரட்டும். வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம். நானும் சரி என்றேன். சட்டென்று சொன்னேன். அவள் சொல்லி நான் கேட்டதாக இருக்கட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இதையும் எழுதி வைக்கிறேன்.

19, சனி

இரட்டைக் குழந்தை, ஐந்தாம் லைன். இரண்டும் ஆண். சின்னது அழ நேரமாயிற்று. அழுதது.

முப்பத்தெட்டுப் பக்கமும் மு.மாரிக்கு முடிந்தது. நாளை ஏழு மணி பஸ்.

20, ஞாயிறு

மேகம், காற்று. தேவிகுளம் மண்டபத்தில் நல்ல கூட்டம். அலமாரியை மேடையிலேயே வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகப் புத்தக முதுகுகள். மு.மாரி ஒரு தடவைதான் பார்த்தாள், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒன்பது அணிகள். மதியத்துக்குள் நாங்களும் பீர்மேடும் மட்டும். வெளிக் கேள்விகளில் நாங்கள் விட்டது ஒன்றுதான். எல்லாம் மாமியின் ஏணி. பே.முத்து ஒன்று சொன்னான், அதுவும் சரி. அது கருமாதிப் பத்திரிகையில் இருந்தது.

கடைசிச் சுற்று. பீர்மேடு முடித்தது பத்தொன்பது. நாங்கள் பதினெட்டு, எங்களுக்கு ஒரு கேள்வி பாக்கி, இரண்டு மார்க். செயலாளர் சீட்டு எடுத்தார். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன். சீட்டைப் பார்த்ததும் அவர் முகத்திலேயே சிரிப்பு. குறிஞ்சி நிலத்துக்கு உரிய சிறுபொழுது எது?

மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி. யாரோ இப்போதே கை தட்டினார்கள். பீர்மேட்டு வாத்தியார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், கிளம்புகிறவர்போல.

மு.மாரி எழுந்தாள். "யாமம்" என்றாள்.

கை தட்டல் நின்றது. ஒரு சிரிப்பு, பிறகு பல சிரிப்பு. செயலாளருக்கு எங்கள் மேல் பரிதாபம். அவசரப்படாதீங்கம்மா என்றார். என்னைப் பார்த்தார். விதிப்படி அணித் தலைவி சொல்வதுதான் கடைசி விடை.

நான் அலமாரியைப் பார்த்தேன். மு.மாரி என்னைப் பார்க்கவில்லை. நேரே பார்த்து நின்றாள், பிரட்டில் பெயர் கூப்பிடும்போது நிற்பதுபோல. வைகறை என்று ஒரு வார்த்தை. வாயில் தயாராகவே இருந்தது.

"யாமம்தான்" என்றேன்.

செயலாளர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கம். அடிக்கோடு.

"இதுல இப்படி எழுதியிருக்குல்லம்மா. நாங்க இதைத்தானே பாக்க முடியும்?"

"அதை எழுதுனது நான்தான்யா" என்றேன். "தாள் கிழிஞ்சு போச்சு. தெரியாம நானா போட்டுட்டேன்."

இவ்வளவு பேர் முன்னால் இவ்வளவு சின்னதாக அது முடிந்துவிட்டது. மண்டபத்தில் சத்தம். எழுதுனதும் அதுவே, மாத்துறதும் அதுவே என்று பின்னால் ஒரு குரல். கமிட்டி கூடிப் பேசியது, டீ ஆறும் நேரம். கேள்வியை ரத்து செய்ய முடியாது, இந்த வருடம் நோட்டில் உள்ளதே விடை, ஆதாரம் கொண்டு வந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம். பீர்மேடு பத்தொன்பது. நாங்கள் பதினெட்டு.

அலமாரியை நான்கு பேர் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். கண்ணாடி உடையாமல் சாக்கு சுற்றினார்கள்.

பஸ்ஸில் பே.முத்து எங்கள் இருவரோடும் பேசவில்லை. மு.மாரியிடம் கேட்டேன், நீதானே வைகறை சொல்லலாம் என்றாய் என்று. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியாதப்ப சொன்னது வேறக்கா. தெரிஞ்ச பெறகு நாக்கு வரமாட்டேங்கு."

வீட்டுக்கு வந்து அழுதேன். தோற்றதற்கா, சொல்லிவிட்டதற்கா, தெரியாது.

21, திங்கள்

பஞ்சு வந்தது. கேட்டதில் பாதி.

24, வியாழன்

லைனில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஊசி போட வந்த கிழவர் இது சரியான ஊசிதானே என்று கேட்டார். கிண்டலா என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டார்.

29, செவ்வாய்

காப்பகக் கட்டடத்தில் உர மூட்டை இறக்கினார்கள். ஜன்னல் இரண்டையும் பலகை வைத்து அடித்தாயிற்று. மு.மாரி அந்த வழியாகக் கொழுந்து நிறுக்கப் போனாள். நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். மானேஜர் சொன்ன சொல் தவறாதவர்.

பிப்ரவரி 1, வெள்ளி

தபால் பை கனம். மன்றத்திலிருந்து கட்டு. என் நோட்டு, கூடவே பதினொரு எஸ்டேட் நகலும். சீட்டு: "213 முதல் 217 வரை ஆதாரத்துடன் திருத்தித் தங்கள் கைப்படவே அனுப்பவும்." தண்டனையா, மரியாதையா, புரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

நகல்களைப் புரட்டினேன். பதினொரு கையெழுத்தில் என் தப்பு. ஒன்றில் வைகறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சூரியன் வரைந்திருக்கிறார்கள்.

2, சனி

மதியத்துக்கு மேல் மு.மாரி வந்தாள். திட்ட வந்தாளோ என்று நினைத்தேன். கோடு போடும் கட்டை கொண்டு வந்திருந்தாள். அவள் கோடு போட, நான் எழுத என்று பேச்சு. போட்டிக்குப் பிறகு நாங்கள் பக்கத்தில் உட்காருவது இதுதான் முதல்.

தனித் தாளைத் தேடி எடுத்தேன். வெப்பமானிப் பெட்டிக்கு அடியிலேயே மூன்று வாரம். பெட்டி உரசி, பென்சில் எழுத்து மடிப்பில் போயிருக்கிறது. அன்றைக்கே இவளிடம் கொடுத்திருந்தால் இந்நேரம் இதுவும் கூடை விளிம்பில் ஏறி மனப்பாடம் ஆகியிருக்கும்.

குறிஞ்சி, யாமம். முல்லை, மாலை. மருதம், வைகறை. பாலை, நண்பகல். நான்கையும் எழுதியாயிற்று.

நெய்தல் வரி சரியாக மடிப்பில். வெளிச்சத்தில் பிடித்தேன், சாய்த்துப் பார்த்தேன். ஆறு பொழுதில் மிச்சம் காலையும், பொழுது சாயும் நேரமான ஏற்பாடும். இரண்டில் ஒன்று. ஏற்பாடு என்றுதான் ஞாபகம் சொல்கிறது. சூரியன் கடலில் விழும், பொருத்தமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கும் எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. நான் கடல் பார்த்ததே இல்லை.

பன்னிரண்டு நோட்டிலும் 216க்கு எதிரே காலியாக விட்டேன். மு.மாரி விரலை அங்கே வைத்தாள்.

"இது என்னக்கா?"

"தெரியல" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த நோட்டுக்குக் கோடு போட்டாள். கல்பாத்தி மாமிக்கு ஒரு கார்டு எழுத வேண்டும். விலாசம் வாங்காமல் வந்துவிட்டேன். ஜீப் டிரைவரைக் கேட்கணும்.